இரவல் பீரங்கி!

இரவல் கொடுத்த குடையைத் திருப்பிக் கேட்டு, இரண்டு வீட்டுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். இரவல் பீரங்கியைத் திருப்பிக் கேட்கப்போய் ஒரு மாகாணமே கைவிட்டுப் போன கதை தெரியுமோ?

டெக்ஸாஸ்! கௌபாய் படம் பார்த்து வளர்ந்த எனக்கு, அது ஒரு காலத்தில் மெக்ஸிகோவின் சொத்து என்பதே லேட்டாகத்தான் தெரிந்தது.

1821-ல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது மெக்ஸிகோ. வடக்கு எல்லையில் ஏகப்பட்ட நிலம், குடியிருக்கத்தான் ஆளில்லை. போதாக்குறைக்குக் கமாஞ்சி பழங்குடியினரோடு சண்டை வேறு. 'வாங்க, வாங்க' என்று அமெரிக்கர்களை அழைத்தார்கள். மாடு வளர்க்கும் குடும்பத்துக்கு நாலாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம்! கத்தோலிக்கராகணும், மெக்ஸிகோ பிரஜையாகணும். அவ்வளவுதான் கண்டிஷன். ஸ்டீபன் ஆஸ்டின் என்பவர் முதலில் சுமார் 300 குடும்பங்களைக் கூட்டி வந்தார்.

கூட்டம் பெருகப் பெருக, அரசாங்கத்துக்கு வயிற்றைக் கலக்கியது. 1829-ல் அதிபர் கெரெரோ அடிமை முறையை ஒழித்தார். அடிமைகளை வைத்துப் பருத்தி பயிரிட்ட குடியேறிகள் கூச்சல் போட்டு, டெக்ஸாஸுக்கு மட்டும் விலக்கு வாங்கிவிட்டார்கள். 1830-ல், 'இனி அமெரிக்காவிலிருந்து யாரும் குடியேறக்கூடாது' என்று சட்டம் வந்தது. கூடவே சுங்கவரி, பட்டாளம். தனி மாநிலம் கேட்டு மனுவோடு தலைநகர் போன ஆஸ்டினை, 1834-ல் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். சமாதானம் பேசப் போன ஆசாமியையே உள்ளே தள்ளினால்? 1835-ல் அதிபர் சான்டா அன்னா கூட்டாட்சியையே தூக்கிக் கடாசினார்.

இப்போது பீரங்கி! கொன்சாலஸ் என்ற ஊருக்கு, தற்காப்புக்காக 1831-ல் அரசாங்கமே கொடுத்த குட்டிப் பீரங்கி அது. 1835-ல் அதைத் திருப்பி வாங்க சுமார் நூறு சிப்பாய்கள் வந்தார்கள். ஊர்க்காரர்கள் ஒரு துணியில் பீரங்கிப் படம் வரைந்து, 'வந்து எடுத்துக்கோ!' என்று எழுதிக் கொடி பிடித்தார்கள். அக்டோபர் 2-ம் தேதி துப்பாக்கி வெடித்தது. 1836 மார்ச்சில் சுதந்திரப் பிரகடனம். ஏப்ரலில் சான்டா அன்னாவே கைதி!

சபாஷ் என்று கைதட்டப் போனேன். புதுக் குடியரசின் அரசியல் சட்டத்தைப் படித்ததும் கை தானாக இறங்கிவிட்டது. அடிமைகள் அடிமைகளாகவே இருக்கணுமாம். விடுதலையான கறுப்பர்கூட நாடாளுமன்ற அனுமதியில்லாமல் அங்கே நிரந்தரமாய்க் குடியிருக்க முடியாதாம். குடியேற்றத் தடைக்காகக் கொதித்தவர்கள் எழுதிய சட்டம் சார் இது!

அவர்கள் திருப்பிக் கொடுக்காதது பீரங்கியை மட்டுமல்ல.