ஊர்தி நிற்கும் நிலமும் மாந்தர் வாழும் மனையும்

முன்னுரை

தமிழில் ‘மனை’ என்னும் சொல் வீட்டையும் குறிக்கும். வீடு கட்டுதற்குரிய நிலத்தையும் குறிக்கும். வீடு வேண்டுவோர்க்கு முதற்கண் வேண்டுவது நிலமே என்பதை இவ்வொரு சொல்லே உணர்த்தி நிற்கிறது. பெருநகரங்களில் இன்று அந்நிலம் கிடைத்தற்கரிய பொருளாகிவிட்டது. ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் வெளியூர்களிலிருந்து வரும் மாணவர்கள் தங்குவதற்கு ஓர் அறை தேடித் தெருத்தெருவாக அலைவதை ஆசிரியர்களாகிய நாம் கண்டு வருகிறோம். கையில் இருக்கும் தொகைக்கு அறை கிடைப்பதில்லை. கிடைக்கும் அறைக்குக் கையில் தொகை இருப்பதில்லை.

இந்நிலை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. செல்வம் மிக்க மேலை நாட்டு நகரங்களிலும் வீட்டுப் பஞ்சம் நிலவுகிறது. ஆனால் அதே நகரங்களின் நடுவே, விலைமதிப்பு மிக்க நிலங்களில், கார்கள் வரிசை வரிசையாக நின்றுகொண்டிருக்கின்றன. இம்முரண்பாட்டைக் கண்ட சில நகரங்கள், கார் நிறுத்துமிடங்களைக் குடியிருப்புகளாக மாற்றும் முயற்சியில் இறங்கின. அம்முயற்சிகளின் இயல்பையும், அவற்றிலுள்ள இடர்களையும், அவற்றால் நாம் பெறத்தக்க தெளிவையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறுத்துமிடம் பெருகிய வரலாறு

கார்கள் பெருகத் தொடங்கிய காலத்தில் அவை தெருவோரங்களிலேயே நிறுத்தப்பட்டன. தெருக்கள் நிரம்பி வழிந்தபோது நகராட்சிகள் திகைத்தன. அமெரிக்காவின் ஒக்லகோமா நகரில் 1935-ஆம் ஆண்டு, நிறுத்தும் நேரத்திற்குக் கட்டணம் பெறும் கருவி முதன்முதலாகத் தெருவில் நடப்பட்டது. மற்றொரு வழியையும் அந்நாட்டினர் கண்டனர். புதிதாகக் கட்டடம் எழுப்புவோர், தம் எல்லைக்குள்ளேயே இத்தனை கார்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று சட்டம் இயற்றினர். ஒகையோ மாநிலத்துக் கொலம்பசு நகரம் 1923-ஆம் ஆண்டிலேயே அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இவ்விதியை வகுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இவ்விதி அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும் பரவியது.

இவ்விதியின் விளைவுகளை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பணியாற்றிய பேராசிரியர் டொனால்டு ஷூப் ஆவார். 2025-ஆம் ஆண்டு மறைந்த இவர், இலவச நிறுத்துமிடத்தின் உயர்ந்த விலையைப் பற்றி 2005-ஆம் ஆண்டில் விரிவான நூலொன்றை வெளியிட்டார். இலவசம் என்று நாம் கருதும் நிறுத்துமிடத்தின் செலவு எங்கும் மறைந்துவிடுவதில்லை. அது வீட்டு வாடகையிலும் கடைப் பொருள்களின் விலையிலும் கலந்துவிடுகிறது. கார் இல்லாதவரும் அதனைச் சுமக்கின்றனர் என்பது அவர்தம் கருத்தின் சாரமாகும்.

அவருடைய ஆய்வுகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பஃபலோ நகரம் 2017-ஆம் ஆண்டு இக்கட்டாய விதியை நீக்கியது. மெக்சிகோ நகரம் அதே ஆண்டில், குறைந்த அளவு இத்தனை இடம் வேண்டும் என்னும் விதியை மாற்றி, இதற்கு மேல் கூடாது என்னும் உச்சவரம்பாக்கியது. இலண்டன் மாநகரம் அதற்கு முன்னரே, 2004-ஆம் ஆண்டுத் திட்டத்தில், இம்மாற்றத்தைச் செய்திருந்தது. பொதுப் போக்குவரத்து நிலையங்களுக்கு அருகே இக்கட்டாயத்தை விலக்கும் சட்டம் கலிபோர்னியா மாநிலத்தில் 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது.

ஓர் ஊர்திக்கு எத்துணை இடம்?

இங்கிலாந்தில் ஒரு கார் நிற்பதற்கு வழக்கமாக ஒதுக்கப்படும் இடம் 2.4 மீட்டர் அகலமும் 4.8 மீட்டர் நீளமும் கொண்டது. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 124 சதுர அடி வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றைவிட இது சற்றே பெரிது! கார் உள்ளே வருவதற்கும் திரும்புவதற்கும் மேலேறுவதற்கும் வேண்டிய வழிகளையும் கூட்டினால் ஒரு காருக்கு ஏறத்தாழ 270 சதுர அடி தேவைப்படும். இரண்டு கார்களுக்குரிய பரப்பில் ஒரு சிறு குடும்பம் வாழத்தக்க வீடு அமைந்துவிடும்.

அவ்விடத்தில் நிற்கும் கார் எவ்வளவு நேரம் உழைக்கிறது? பிரித்தானியாவின் ஆர்.ஏ.சி. அறக்கட்டளை 2012-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு சராசரிக் கார் தன் காலத்தில் 96 விழுக்காடு நின்றுகொண்டே இருக்கிறது. ஒரு நாளில் அது ஓடும் நேரம் ஒரு மணிக்கும் குறைவேயாகும். மேலும், ஒரே காருக்கு வீட்டில் ஓரிடம், அலுவலகத்தில் ஓரிடம், கடைத்தெருவில் ஓரிடம் என இடங்கள் காத்துக்கிடக்கின்றன. ஒன்றில் அது நிற்கும்போது மற்றவை வெறிதே கிடக்கும். ஊர்தி ஒன்றிற்குப் பல இடங்கள் காத்திருக்க, குடும்பம் ஒன்றிற்கு ஓரிடமும் இல்லை என்பதே இச்சிக்கலின் உயிர்நிலை எனலாம்.

மியூனிக் நகரம் காட்டிய வழி

செருமனியின் மியூனிக் நகரம் அந்நாட்டில் வாடகை மிக உயர்ந்த நகரங்களுள் ஒன்று. 2015-ஆம் ஆண்டு ஏதிலியர் பெருந்தொகையினராக அந்நாட்டிற்குள் வந்தபோது, குறைந்த வருவாயினர்க்கும் புதிதாக வந்தோர்க்கும் விரைவில் வீடு கட்டித்தர வேண்டிய தேவை மாநகராட்சிக்கு ஏற்பட்டது. புதிய நிலம் வாங்கக் காலமும் இல்லை, பொருளும் போதாது. நகருக்குச் சொந்தமான டான்டெபாட் என்னும் நீச்சற்குளத்தின் அருகே, குளத்திற்கு வருவோர் கார்களை நிறுத்தும் திறந்தவெளி ஒன்று இருந்தது. அதன்மேல் மாநகராட்சியின் கண் விழுந்தது.

கட்டடக் கலைஞர் ஃப்ளோரியன் நாக்லர் அதற்கு வகுத்த திட்டம் எளிமையானது. கார்களை அகற்ற வேண்டியதில்லை. அவற்றின் தலைக்குமேல் வீடுகளை எழுப்பினால் போதும். கான்கிரீட் தூண்களை நிறுத்தி, அவற்றின்மேல் மேசைப் பலகை போன்ற ஒரு தளத்தை அமைத்தனர். அத்தளத்தின்மேல் நான்கு மாடிகள் மரத்தால் எழுந்தன. சுவர்கள் தொழிற்கூடத்திலேயே செய்யப்பட்டு வந்தமையால், அவற்றைப் பொருத்துவது மட்டுமே களத்தில் நடைபெற்றது. 2016-ஆம் ஆண்டிலேயே 100 வீடுகள் நிறைவெய்தின. பெரும்பாலானவை ஓரறை வீடுகள். கீழே கார்கள் நிற்கும் இடம் பெரும்பாலும் முன்போலவே எஞ்சியது. நிலம் ஒன்று, பயன் இரண்டு.

இத்திட்டம் விரைந்து வெற்றி பெற்றமைக்கு மரமும் தொழிற்கூடமும் மட்டும் காரணங்கள் அல்ல. நிலம் பொதுவுடைமையாக இருந்தது. கட்டியதும் மாநகராட்சியின் வீட்டுவசதி நிறுவனமே. ஆதலின் நிலத்தின் விலை வாடகையின் தலையில் ஏறவில்லை. இவ்வுண்மையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலும் இவ்வழியைப் பின்பற்றியுள்ளனர். அங்கு நகரவையின் கார் நிறுத்துமிடம் ஒன்றின்மேல், தொழிற்கூடத்தில் உருவாக்கப்பட்ட 11 சிறு வீடுகளைத் தூண்களில் ஏற்றி 2021-ஆம் ஆண்டு நிறைவு செய்தனர். ‘ஹோப் ரைஸ்’ என்று பெயரிடப்பட்ட அவ்வீடுகளில் பெரும்பாலும் இளையோர் குடியேறினர். எண்ணிக்கை சிறிதாயினும் எண்ணம் பெரிது.

பழைய கட்டடத்தை மாற்றுவதில் உள்ள இடர்கள்

திறந்தவெளியின்மேல் கட்டுவது ஒரு வகை. முன்பே எழுப்பப்பட்ட பல அடுக்கு நிறுத்துமிடத்தை வீடுகளாக மாற்றுவது பிறிதொரு வகை. பின்னது, தோன்றும் அளவிற்கு எளிதன்று.

முதலாவது உயரம். கார் நுழைந்தால் போதும் என்று கட்டப்பட்ட அடுக்குகளில் தலைக்குமேல் இருக்கும் இடைவெளி 7 அடியை ஒட்டியே அமையும். அதில் குழாய்களும் மின்கம்பிகளும் புகுந்தால் மாந்தர் நிமிர்ந்து நிற்பது அரிது. இரண்டாவது ஒளி. இத்தகைய கட்டடங்கள் மிக அகன்றவை. நடுப்பகுதியைக் கதிரவன் ஒளி எட்டுவதில்லை. மூன்றாவது தரை. கார்கள் ஏறுவதற்காகப் பல கட்டடங்களில் தளமே சாய்வாக அமைந்திருக்கும். சாய்ந்த தரையில் கட்டில் போட இயலுமா? நான்காவது இரும்பின் அரிமானம். பனி பொழியும் நாடுகளில் சாலைப் பனியை உருக்க உப்பைத் தூவுவர். கார்ச் சக்கரங்கள் கொண்டுவரும் அவ்வுப்பு நீர், கான்கிரீட்டுக்குள் ஊறி உள்ளிருக்கும் கம்பிகளை அரித்துவிடும்.

எடை தாங்கும் ஆற்றலில் மட்டும் ஒரு நன்மை உண்டு. பிரித்தானிய முறைப்படி கார் நிறுத்தும் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோகிராம் எடையைத் தாங்குமாறு வடிவமைக்கப்படும். வீட்டுத் தளத்திற்கு 150 கிலோகிராம் போதும். எனினும் சுவர்களும் தரைப்பூச்சும் சேரும்போது இவ்வேறுபாடு குறைந்துவிடும்.

இவ்விடர்களைக் கடந்த கட்டடங்களும் உள. அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் 1940-களின் இறுதியில் எழுந்த பிராட்வே ஆட்டோபார்க் என்னும் அடுக்கு நிறுத்துமிடம், 44 குடியிருப்புகளாக உருமாறியது. அங்கு வாழ்வோர் தம் வாயிற்படிக்கு எதிரிலேயே காரை நிறுத்திக்கொள்ளலாம். ஆயினும் எல்லாக் கட்டடங்களும் இதற்கு இடங்கொடா. பொறியாளர் ஆய்ந்து ‘ஆகாது’ என்றால், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே அறிவுடைமை.

யாருக்கு வீடு?

இடித்துவிட்டாலும் அவ்விடத்தில் எது எழும் என்னும் வினா எஞ்சி நிற்கும். வட இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் டிரினிட்டி சதுக்கம் என்னும் அடுக்கு நிறுத்துமிடம் 1960-களில் எழுந்தது. 1971-ஆம் ஆண்டு வெளிவந்த ‘கெட் கார்ட்டர்’ என்னும் திரைப்படத்தால் அது புகழும் பெற்றது. பல்லாண்டுக்கால வழக்காடலுக்குப் பின்னர் 2010-ஆம் ஆண்டு அதனை இடித்தனர். 2013-ஆம் ஆண்டு அவ்விடத்தில் பேரங்காடியும் கடைகளும் பல்கலைக்கழக மாணவர் விடுதியும் திறக்கப்பட்டன. மாணவர்க்கு உறைவிடம் கிடைத்தது நன்றே. ஆனால் புதிய வளாகத்தின் நடுநாயகமாக அமைந்தது அங்காடியே. வீடின்றித் தவிக்கும் குடும்பங்களுக்கு அதில் இடம் அமையவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? நிறுத்துமிடத்தை எடுத்துவிட்டால் ஏழைக்கு வீடு தானாகக் கிடைத்துவிடாது. பொது நிலத்தை உயர்ந்த விலைக்கு விற்றுவிட்டால், வாங்கியவர் அவ்விலையை வாடகையில் மீட்கவே முனைவார். அப்போது காருக்கு இருந்த இடம் செல்வர்க்குச் செல்லும், வறியவர்க்கு வராது.

எதிர்ப்புரைகளும் விடைகளும்

இத்திட்டங்களை எதிர்ப்போர் கூறுவனவற்றையும் செவிமடுத்தல் நேர்மையாகும். வாடிக்கையாளர் வாராது போவர் எனச் சிறு வணிகர் அஞ்சுகின்றனர். நடக்க இயலாத முதியோரும் உடல் ஊனமுற்றோரும் காரையே காலாகக் கொண்டவர்கள். மருத்துவமனைக்கு நோயாளியை ஏற்றி வருவோர்க்குப் பேருந்து ஏற்றதன்று. இவர்கள் அச்சம் பொய்யன்று. எனவே, நிறுத்துமிடம் எந்நேரத்தில் எவ்வளவு நிரம்புகிறது என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். முதியோர்க்கும் ஊனமுற்றோர்க்கும் உரிய இடங்களை அகற்றாது காக்க வேண்டும். பேருந்து வசதியை முன்னதாகவே பெருக்க வேண்டும். மியூனிக்கிலும் பிரிஸ்டலிலும் நிறுத்துமிடத்தைக் கீழே விட்டுவைத்து மேலே கட்டியமை இவ்வெதிர்ப்பிற்குத் தக்க விடையாக அமைந்தது.

நாம் சிந்திக்கத்தக்கது

நம் மாநிலத்திலும் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், புதிய கட்டடங்களில் ஊர்திகளுக்கு இடம் ஒதுக்குமாறு பணிக்கின்றன. தெருவை அடைத்து நிற்கும் ஊர்திகளைக் காணும்போது இவ்விதியின் தேவை விளங்குகிறது. ஆயினும் அவ்விடத்திற்குரிய செலவு வீட்டின் விலையில் ஏறுகிறது என்பதையும் மறத்தற்கில்லை. மேலை நாட்டினர் பல்லாண்டுகள் நடந்து, பின்னர்த் திரும்பிவந்த பாதையில், நாம் எவ்வளவு தொலைவு செல்லப் போகிறோம் என்பதை இப்போதே எண்ணிப் பார்த்தல் நலம். சான்றோரும் ஊர்ப் பெரியோர்களும் பொது நிலங்களைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் அவைகளில் இவ்வினாவை எழுப்புதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஊர்தி நிறுத்துமிடங்கள் நகரத்தின் நிலத்தில் ஒரு பகுதியைச் சிறு பயனுக்காகக் கொண்டிருக்கின்றன என்பதும், அவற்றின்மேல் வீடுகளை எழுப்புதல் கைகூடும் செயலே என்பதும், பழைய அடுக்குக் கட்டடங்களை மாற்றுதல் ஆய்ந்து செய்யத்தக்கது என்பதும், நிலம் பொதுவில் நின்றால்தான் வறியவர்க்கு வீடு வாய்க்கும் என்பதும் பெறப்பட்டன. மரமும் கான்கிரீட்டும் எந்நகரத்திற்கும் கிடைக்கும். நிலத்தை யாருக்கெனக் காப்பது என்னும் துணிவுதான் அரிது. அடுத்த கல்வியாண்டிலும் கையில் ஒரு பெட்டியுடன் அறை தேடி மாணவர் வருவர். அவர்கள் கடந்து செல்லும் தெருவில் வெறிதே கிடக்கும் நிலத்தை நாம் புதிய கண்கொண்டு பார்ப்போமாயின், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.