கல்லுக்கு அந்தப் பக்கம்

புதுக்கோட்டைப் பரோட்டாக் கடைக்குள் நுழைந்ததும் நேரே மேசைக்குப் போய்விடாதீர்கள். மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நில்லுங்கள். அவித்த முட்டையை மசாலாவில் புரட்டிச் செய்யும் முட்டை மாஸ் தயாராகிற இடம் அதுதான்!

வேலை மத்தியானமே தொடங்கிவிடும். பிசைந்த மைதா எண்ணெய் தடவி ஊறிக்கொண்டிருக்கும். சோம்பும் தேங்காயும் அரைத்து ஊற்றிய சால்னா அடுப்பில் தளதளக்கும். பின்கட்டில் அண்டா நிறைய முட்டை வெந்து, பச்சைத் தண்ணீரில் ஆறிக் கிடக்கும். உரிப்பதில் ஒரு குட்டி ரகசியம் இருக்கிறது. அன்றைக்கு இட்ட முட்டையை அவித்தால் ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்துவிடும். நாமக்கல்லில் லாரி ஏறி, கடைக்கு வந்து, நாலு நாள் ஆன முட்டையோ வழவழவென்று உரியும். ஓட்டின் நுண்துளை வழியே கரியமில வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடுவதால், வெள்ளைக்கரு உள்தோலை இறுகப் பிடிப்பதில்லை. ஒரு அண்டா முட்டையை உரிக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய வரம்!

"அண்ணே, ரெண்டு பரோட்டா, ஒரு மாஸ்!"

சப்ளையர் குரல் கொடுத்ததுமே கல்லில் எண்ணெய் விழுகிறது. பொடியாக அரிந்த வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, தக்காளி எல்லாம் அடுத்தடுத்து விழ, மிளகாய்த்தூள் நெடி மூக்கில் ஏறுகிறது. ஒரு கரண்டி சால்னா. அதன் பிறகுதான் துண்டு போட்ட அவித்த முட்டை. இந்த இடத்தில் மாஸ்டரின் கையைப் பாருங்கள், தயவுசெய்து கையை மட்டும் பாருங்கள். வெள்ளைக்கரு துண்டு துண்டாகவே நிற்க, மஞ்சள்கரு மட்டும் கரைந்து மசாலாவைக் கெட்டியாக்கிவிடுகிறது. சில கடைகளில் மேலே ஒரு பச்சை முட்டையையும் உடைத்து ஊற்றிப் புரட்டுவார்கள். கடைசியில் மிளகுத்தூள். ஐந்தே நிமிஷம்!

பிரியாணி ஊர் ஊராகப் பரவிய கதை வேறு. திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு 1957-இல் தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல், சீரகச் சம்பா பிரியாணியோடு தலப்பாக்கட்டி என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்து, கடல் கடந்தும் கிளை விட்டது. முட்டை மாஸுக்கோ தலைமை அலுவலகம் கிடையாது. யாரும் உரிமம் விற்பதில்லை. கல்லடியில் வெங்காயம் அரிந்த தம்பி தொழில் கற்றுக்கொண்டு வேறு ஊரில் கல் போட்டால், அதுதான் கிளை. பக்குவம் கையோடு போய்விடுகிறது. எந்த ஊரில் செய்தாலும் 'புதுக்கோட்டை முட்டை மாஸ்' என்று ஊர்ப்பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்!

நேர்நேராக வகுத்த ராஜவீதிகள் புதுக்கோட்டையுடையவை. இருட்டியதும் அந்தப் பக்கம் நடந்தால் வாசனையே வழி சொல்லும்.

சாப்பிடும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். சப்ளையர் சால்னா வாளியோடு வந்தால், இலையில் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதல் பரோட்டாவை மாஸோடு மட்டும் சாப்பிடுங்கள். சால்னா இரண்டாவதற்கு.