இரைப்பை இரட்டிப்பு நீர்க்கட்டி: கைக்குழந்தையின் தொடர் வாந்திக்கு ஓர் அரிய காரணம்

பால் குடித்தபின் கைக்குழந்தை சிறிது கக்குவது இயல்பே. வாந்தி நாளுக்கு நாள் கூடி, எடையும் ஏறாமல் நின்றால் அதனை இயல்பெனக் கருதக் கூடாது. அரிதாக, இரைப்பைச் சுவரோடு ஒட்டிப் பிறவியிலேயே அமைந்த நீர்க்கட்டி அதற்குக் காரணமாக இருக்கலாம்.

கரு வளரும் தொடக்க வாரங்களில் உணவுப்பாதையின் ஒரு சிறு பகுதி இரட்டையாக உருவாகிவிடுவதே இக்கட்டி. இத்தகைய கட்டிகள் பெரும்பாலும் சிறுகுடலில் காணப்படும். இரைப்பையில் தோன்றுபவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. கர்ப்ப காலத்தில் தாய் உண்ட உணவோ, உப்பளத்தில் செய்த வேலையோ, கிரகணமோ இதற்குக் காரணம் அன்று. கட்டியின் உட்பரப்பு இரைப்பையைப் போலவே அமிலம் சுரக்கும். சுரந்த நீர் வெளியேற வழியின்றிக் கட்டி பருத்து, இரைப்பையின் வெளிவாயிலை அழுத்துவதால் பால் கீழிறங்காது. அமிலம் புண்ணை உண்டாக்கினால் இரத்தம் கசிந்து மலம் கருநிறமாகும்.

மரக்காணம் உப்பளப் பகுதியில் தாய்மார் விடியுமுன் வேலைக்குச் செல்வதால், குழந்தை எத்தனை முறை வாந்தி எடுத்தது என்பது பாட்டிக்கே தெரியும். ஆகவே மருத்துவரிடம் வரும்போது அவரையும் அழைத்து வருக. வெயில் சூடு என்று எண்ணிக் காத்திருப்பதும், தொக்கம் எடுக்கச் செல்வதும் இங்கு வழக்கம். கட்டியைத் தொக்கம் எடுத்து அகற்ற இயலாது, நாட்கள்தாம் வீணாகும். வீட்டு உப்பைக் கரைத்துப் புகட்டுவது கைக்குழந்தைக்கு ஆபத்தானது.

வாந்தி பால் நிறத்தில் இருத்தல், மேல்வயிற்றில் கட்டி தட்டுப்படுதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். இரைப்பையின் வெளிவாயில் தசை தடித்துச் சுருங்கும் நோயிலும் இவை காணப்படும். இரண்டையும் பிரித்தறிய அல்ட்ராசவுண்டு ஸ்கேன் உதவும். நீர்க்கட்டியின் சுவர் அதில் ஈரடுக்காகத் தெரியும். சில குழந்தைகளுக்குக் கருவில் இருக்கும்போதே ஸ்கேனில் தெரிந்துவிடும். அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மருந்தால் இக்கட்டி கரையாது. வாந்தியால் இழந்த நீரையும் உப்புச்சத்துகளையும் முதலில் ஈடுசெய்த பின்னரே அறுவைச் சிகிச்சை செய்யப்படும். கட்டியை முழுவதுமாக அகற்றினால் பெரும்பாலான குழந்தைகள் நலமடைந்து இயல்பாகப் பால் குடிப்பர். இரைப்பையோடு பிரிக்க இயலாதவாறு ஒட்டியிருப்பின், உட்சவ்வு மட்டும் உரித்தெடுக்கப்படுவதும் உண்டு.

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தையின் எடையைப் பாருங்கள். குழந்தைகள் அறுவைச் சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர், சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை ஆகியவற்றில் தனிப் பிரிவுகள் உள்ளன. வாந்தி பச்சை நிறமாக இருந்தாலோ, இரத்தம் கலந்திருந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, குழந்தை சோர்ந்து துவண்டாலோ விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழைக்கவும்.