ஆபிரகாம் வால்டு

ஆபிரகாம் வால்டு (அக்டோபர் 31, 1902 – டிசம்பர் 13, 1950) இன்றைய உருமேனியாவில் பிறந்த கணிதவியலாளர். புள்ளியியலில் முடிவுக் கோட்பாட்டுக்கும் தொடர்முறைப் பகுப்பாய்வுக்கும் அடித்தளம் இட்டவர். இவருடைய வாழ்க்கை நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் முடிந்தது.

இளமையும் கல்வியும்

வால்டு, குளூஜ் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அப்போது அந்நகர் ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசில் இருந்தது. முதல் உலகப்போருக்குப் பின் உருமேனியாவுடன் இணைந்தது. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். அன்றும் பள்ளி நடந்ததால் வால்டு வீட்டிலேயே கல்வி கற்றார். குளூஜ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின், 1931இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் கார்ல் மெங்கரின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார்.

யூதர் என்பதால் அங்கே அவருக்குப் பல்கலைக்கழகப் பணி கிடைக்கவில்லை. பொருளியலாளர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்ன் தம் ஆய்வு நிறுவனத்தில் வேலை தந்தார். 1938இல் நாசிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியதும் வால்டு அமெரிக்கா சென்றார். ஐரோப்பாவில் தங்கிவிட்ட பெற்றோரும் உறவினர் பலரும் நாசிகளால் கொல்லப்பட்டனர்.

விமானக் கணக்கு

இரண்டாம் உலகப்போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் வால்டு பணியாற்றினார். போருக்குச் சென்று திரும்பிய விமானங்களில் குண்டு துளைத்த இடங்கள் கணக்கெடுக்கப்பட்டன. துளைகள் மிகுந்த பகுதிக்குக் கவசம் இடவேண்டும் என்றே முதலில் தோன்றும். ஆனால் அந்த விமானங்கள் அங்கே அடிபட்டும் திரும்பி வந்தவை. எந்திரத்தில் அடிபட்டவை வீழ்ந்துவிட்டதால் கணக்கில் சேரவே இல்லை. எனவே திரும்பியவற்றில் துளை குறைவாக உள்ள பகுதிக்கே பாதுகாப்பு தேவை. தப்பியவற்றை மட்டும் பார்த்து முடிவு செய்யும் இத்தவறு 'தப்பிப்பிழைத்தோர் சார்பு' எனப்படுகிறது. வீழ்ந்த விமானங்கள் எங்கே அடிபட்டிருக்கும் என மதிப்பிடும் கணித முறையை வால்டு 1943இல் வகுத்தார்.

தொடர்முறைப் பகுப்பாய்வு

தொழிற்சாலைப் பொருள்களைச் சோதிக்கும்போது எத்தனை சோதிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்வது வழக்கம். வால்டின் முறையில் ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் ஏற்பதா, மறுப்பதா, தொடர்வதா என்று முடிவெடுக்கலாம். இதனால் சராசரியாகக் குறைந்த சோதனைகளே போதும். போர்க்காலத்தில் மறைவாக வைக்கப்பட்ட இம்முறை, 1947இல் நூலாக வெளிவந்தது.

மறைவு

இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவாற்ற வந்திருந்த வால்டு, 1950 டிசம்பர் 13 அன்று, பயணம் செய்த விமானம் நீலகிரி மலையில் மோதியதில் மனைவியுடன் இறந்தார். அப்போது அவருக்கு வயது 48. அவருடைய மகன் ராபர்ட் வால்டு பின்னாளில் பொதுச் சார்பியலில் பெயர்பெற்ற இயற்பியலாளர் ஆனார்.

புகழ்

புள்ளியியல் மாணவர்கள் 'வால்டு சோதனை' வழியே இவரை அறிவர். பொதுமக்களிடம் இவர் பெயரைப் பரப்பியது விமானக் கதை. இணையத்தில் வலம்வரும், சிவப்புப் புள்ளிகள் இட்ட விமானப் படம் பிற்காலத்தில் வரையப்பட்டது. வால்டு எழுதிய குறிப்புகளில் இருப்பவை சமன்பாடுகளும் அட்டவணைகளுமே. அக்குறிப்புகள் 1980இல் மீண்டும் வெளியிடப்பட்டன.