வெளிமாநிலத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?

கடையில் மிச்சம் பிடித்த பணத்தில் பெங்களூரில் ஒரு வீடு வாங்கிப் போட்டால் மாதாமாதம் வாடகை வரும் என்று நம் வணிகர்கள் பலர் எண்ணுகிறார்கள். எண்ணம் நல்லதே. ஆனால் சரக்கு மட்டமென்றால் திருப்பி அனுப்பலாம். வீட்டை அனுப்ப முடியாது.

முதலில் பத்திரம். அங்கே ஆவணங்கள் பல கன்னடத்தில் இருக்கும். விற்பவர் காட்டும் வக்கீல் வேண்டாம். நாமே ஒருவரை அமர்த்தி, தாய்ப்பத்திரமும் முப்பது வருட வில்லங்கமும் பார்க்க வேண்டும். 'காத்தா' என்பது வரிப் பதிவுதான். உரிமைப் பத்திரம் ஆகாது. 'பி காத்தா' என்றால் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், நூற்றுக்கு 1 வீதம் வருமான வரி பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு.

அடுத்து கணக்கு. 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு மாதம் ரூ.22,000 வாடகை என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ரூ.2,64,000. சொத்து வரி, பராமரிப்பு, தரகு, ஆளில்லாத மாதம், நாம் போய்வரும் செலவு எல்லாம் போக 2 லட்சம் நின்றால், நூற்றுக்கு இரண்டரைதான். வங்கி வட்டி அதைவிட மிக அதிகம். கடன் வாங்கி வாங்கினால் தவணைக்குக் கல்லாவில்தான் கைவைக்க வேண்டும். விலை ஏறும் என்பது நம்பிக்கை, வரவு அல்ல.

கடைசியாக அட்வான்ஸ். பெங்களூரில் பத்து மாத வாடகை வாங்கும் வழக்கம் உண்டு. அது நம் பணமல்ல, திருப்பித் தர வேண்டிய கடன். அதைச் சரக்கில் போட்டுவிட்டுக் குடித்தனக்காரர் காலி செய்யும் நாளில் திண்டாட வேண்டாம். வங்கியில் தனியே போட்டு வையுங்கள்.

நேரில் பாராமல் மூட்டை வாங்காத நாம், வீட்டை மட்டும் தரகர் வாய்மொழியில் வாங்கலாமா?