காலப்பயணக் கதைகள் – 9: முதல் பாகத்தை மறுக்கும் இரண்டாம் பாகம்

காலப்பயணக் கதைக்கு இரண்டாம் பாகம் எழுதுவது பிற கதைகளுக்கு எழுதுவதைவிடக் கடினமானது. ஏனெனில் முதல் பாகம் முடியும்போது கதைமாந்தரின் வாழ்க்கையோடு, அந்தக் கதைக்குள் காலம் எந்த விதிப்படி இயங்குகிறது என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. ஜேம்ஸ் கேமரூன் இயக்கத்தில் 1984 அக்டோபரில் வெளிவந்த 'தி டெர்மினேட்டர்', 1991 ஜூலையில் வெளிவந்த அதன் தொடர்ச்சியான 'ஜட்ஜ்மென்ட் டே' ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பின்னது முன்னதன் விதியையே மீறுவது புலப்படும்.

முதல் படத்தின் விதி 'மூடிய வளையம்' எனப்படும்; கடந்தகாலத்துக்குச் செல்பவர் அங்கே செய்வதெல்லாம் ஏற்கெனவே நடந்த வரலாற்றின் பகுதியே என்பது அதன் பொருள். ஓர் எடுத்துக்காட்டு: மலையாளத்தில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என வழங்கும் 1924 ஜூலைப் பெருவெள்ளம், மூணாறையும் டாப் ஸ்டேஷனையும் இணைத்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையை அழித்தது. அது மீண்டும் போடப்படவே இல்லை. அந்தப் பாதையைக் காப்பாற்ற இன்றைய பொறியாளர் ஒருவர் 1924க்குச் சென்று வெற்றியும் பெற்றால், அழியாத பாதையைக் காக்க எவரும் புறப்பட வேண்டியதில்லை. எவரும் புறப்படாவிட்டாலோ பாதை அழிந்தே தீரும். பாட்டனாரை அவரது இளமையிலேயே கொன்றுவிட்ட பேரன் எப்படிப் பிறந்தான் என்று கேட்கும் 'தாத்தா முரண்' இதுதான். மூடிய வளையத்தில் இந்த முரணுக்கு இடமில்லை: பொறியாளர் தோற்பார், அல்லது வெள்ளத்தைத் தடுக்க அவர் வெட்டிய வாய்க்காலே அதைப் பாதையின்மீது திருப்பியிருக்கும். ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவின் தன்னிசைவுக் கொள்கையும் இந்தப் போக்கையே உடையது.

1984ஆம் ஆண்டுப் படம் இதற்கு முற்றிலும் இணங்குகிறது. 2029இல் மனிதர்களுக்குத் தலைமை தாங்கும் ஜான் கானர் பிறக்காமலிருக்க, அவருடைய தாய் சாராவைக் கொல்லும்படி ஸ்கைநெட் என்னும் கணினி வலையமைப்பு ஒரு இயந்திரத்தைப் பின்னோக்கி அனுப்புகிறது. சாராவைக் காக்க வந்த கைல் ரீஸே ஜானுக்குத் தந்தையாகிறார். கொலை முயற்சி நடந்திராவிட்டால் ஜான் பிறந்தே இருக்கமாட்டார்.

இரண்டாம் பாகமும் தொடக்கத்தில் வளையத்துக்குள்ளேயே நிற்கிறது: அழிந்த இயந்திரத்தின் கையையும் சில்லையும் ஆராய்ந்துதான் சைபர்டைன் நிறுவனத்தின் மைல்ஸ் டைசன் ஸ்கைநெட்டுக்கு அடித்தளம் இடுகிறார். பிறகு அந்த ஆய்வு முழுவதும் அழிக்கப்பட்டு, 1997 ஆகஸ்ட் 29இல் நிகழவிருந்த அணுப்போர் தவிர்க்கப்பட்டதாகக் காட்டப்படும் இடத்தில் வளையம் அறுகிறது. ஸ்கைநெட் இல்லையென்றால் ரீஸை அனுப்பும் தேவையும் இல்லை, எனவே ஜானும் இல்லை. ஆனால் உருக்காலையின் இறுதிக் காட்சியில் சிறுவன் ஜான் உயிரோடு நின்று அழுகிறான். படம் இதற்கு விளக்கம் சொல்ல முயல்வதில்லை. சொல்லியிருந்தால் ராபர்ட் பாட்ரிக் நடித்த கொலையாளி இயந்திரத்தின் திரவ உலோக உருவம் துரத்திவரும் வேகம் தடைப்பட்டிருக்கும் என்பதால், அந்த மௌனம் சரியான முடிவு என்றே கொள்ளவேண்டும்.

அதே 1991இல் இயற்பியலாளர் டேவிட் டாய்ச் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, காலப்பயணி சென்றடைவது தன் கடந்தகாலத்தை அன்று, அதையொத்த வேறொரு உலகத்தை என்று முரணைத் தீர்க்க வழிகாட்டியது. இதை ஏற்றால் ஜானின் இருப்பு சிக்கலாகாது. ஆனால் ரீஸை அனுப்பிவைத்த 2029ஆம் ஆண்டு மக்கள் தங்கள் இடிபாடுகளிலேயே இருப்பார்கள், சாரா காப்பாற்றுவது மற்றோர் உலகத்தைத்தான். சண்டைப்படம் ஒன்றின் பார்வையாளர் இந்தக் கணக்கை எளிதில் ஏற்கமாட்டார்.

முதுமையடைந்த சாரா பூங்காவில் அமைதியாக அமர்ந்திருக்கும் முடிவொன்றைக் கேமரூன் படமாக்கிப் பின்னர் நீக்கிவிட்டு, இருண்ட நெடுஞ்சாலையோடு படத்தை முடித்தார். எதிர்காலம் அவ்வாறு திறந்தே விடப்பட்டதால், வேறொரு இயக்குநரின் 2003ஆம் ஆண்டு மூன்றாம் பாகம், அணுப்போர் தள்ளிப்போனதே தவிர தவிர்க்கப்படவில்லை என்று கூறி, இரண்டாம் பாகத்தின் வெற்றியைச் செல்லாததாக்கியது.

தமிழில் இரா. ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' (2015) இந்தச் சிக்கலை வேறு வகையில் கையாண்டது: கடந்தகாலத்துக்குச் சென்றவர்களின் கவனக்குறைவால், சாகவேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான், திருத்தக்கூடிய காலம் என்பதே அங்கு முதல் பாகத்தின் விதி. ஆகவே அதற்குத் தொடர்ச்சி எழுதுவோர் எந்த விதியையும் மீறவேண்டியிராது. ஆனால் எதையும் திருத்திக்கொள்ளலாம் என்ற நிலையில் ஆபத்துக்குக் கனம் சேர்ப்பது அவர்களுக்குப் பெரும்பாடாகிவிடும். ஒரே நாளைத் திரும்பத்திரும்ப வாழவைத்து அந்தக் கனத்தைத் தேடிய 'மாநாடு' (2021) அடுத்த இதழில் ஆராயப்படும்.

(தொடரும்)