காருக்குள்ள சுத்தம்: எதை முதல்ல கவனிக்கணும்?

இன்னைக்கு பேசப்போறது காருக்குள்ள சுத்தம் பத்தி. உள்ளே பளபளன்னு வெச்சுக்கிறது எப்படின்னு சொல்ல ஆயிரம் ரீல்ஸ் இருக்கு. நாம வேற மாதிரி பார்ப்போம். ஆபீஸ்ல நூறு பக் இருந்தா, எல்லாத்தையும் ஒரே நாள்ல சரி பண்ண மாட்டோம். எது சிஸ்டத்தையே படுக்க வைக்குமோ, அதைத்தான் முதல்ல எடுப்போம். கார்லயும் அதே கணக்குதான். ஆளுக்கு ஆபத்தானது முதல்ல, வண்டியைக் கெடுக்கிறது ரெண்டாவது, கண்ணை உறுத்துறது கடைசி.

முதல்ல, டிரைவர் காலடி

அம்பத்தூர்லருந்து பூந்தமல்லி போறீங்க. சீட்டுக்கு அடியில ஒரு தண்ணி பாட்டில் உருண்டுட்டு இருக்கு. முன்னாடி போற ஷேர் ஆட்டோ சட்டுனு நிக்குது. நீங்க பிரேக் அடிக்கிற அதே நேரத்துல பாட்டிலும் முன்னாடி உருண்டு வந்து பெடலுக்கு அடியில மாட்டிக்கலாம். அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் பெடல் முழுசா இறங்காது.

மேட்டும் அப்படித்தான். 2009 ஆகஸ்ட்ல, அமெரிக்காவுல சான் டியாகோ பக்கத்துல ஒரு லெக்ஸஸ் கார் வேகம் குறையாம ஓடி, விபத்துல நாலு பேர் இறந்தாங்க. அதுல போட்டிருந்தது வேற மாடலுக்கான ரப்பர் மேட். ஆக்ஸிலரேட்டர் அதுல சிக்கினதுதான் காரணம்னு விசாரணை சொன்னது. அடுத்த மாசமே, மேட் பெடல்ல சிக்கலாம்னு டொயோட்டா அங்கே சுமார் 38 லட்சம் கார்களுக்கு எச்சரிக்கை விட்டு ரீகால் அறிவிச்சது.

நம்ம ஊர்ல என்ன பண்றோம்? கம்பெனி மேட் மேல ஒரு 7டி மேட், மழைக்காலத்துல அதுக்கு மேல நியூஸ்பேப்பர். டிரைவர் பக்கம் ஒரே ஒரு மேட் போதும். அது உங்க மாடலுக்கானதா இருக்கணும், தரையில இருக்கிற கொக்கியில மாட்டியிருக்கணும். கையால பெடல் பக்கம் தள்ளிப் பாருங்க; நகர்ந்தா அந்த மேட் வேண்டாம்.

அடுத்து டாஷ்போர்டு. முன்சீட் ரெண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம்ங்கிறது 2021 டிசம்பர் 31-லருந்து பழைய மாடல்களுக்கும் வந்துடுச்சு. ஆக, அதுக்கப்புறம் தயாரான காரா இருந்தா, இடது பக்க டாஷ்போர்டுக்குள்ள ஒரு ஏர்பேக் இருக்கு. கண் இமைக்கிறதுக்குள்ள அது வெடிச்சு விரியும். அந்த மூடி மேல ஒட்டின கனமான பிள்ளையார் சிலை, பக்கத்துல உக்காந்திருக்கிறவர் முகத்துக்கு நேரா பறக்கும். சாமியை எடுக்க வேண்டாம், ஏர்பேக் மூடியில இல்லாத இடத்துக்கு மாத்தினா போதும்.

ரெண்டாவது, ஈரமும் எலியும்

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழைக்கு அம்பத்தூர் எஸ்டேட், கொரட்டூர் பக்கமெல்லாம் தண்ணி நின்னது ஞாபகம் இருக்கும். கார்பெட் மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும். ஆனா அடியில இருக்கிற பஞ்சு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். அங்கேதான் பூஞ்சை வரும், நிறைய கார்ல ஒயரிங்கும் அந்த வழியாத்தான் போகுது. அதனால மழை முடிஞ்சதும் மேட்டை வெளியே எடுத்து, கார்பெட்டை அழுத்திப் பாருங்க. ஈரமா இருந்தா, கதவைத் திறந்து வெச்சு வெயில்ல காய விடுங்க. சாக்கடைத் தண்ணி உள்ளே ஏறியிருந்தா, சீட்டைக் கழட்டி, கார்பெட்டையே வெளியே எடுத்துக் கழுவச் சொல்லணும். சென்ட் அடிச்சா வாசனை மறையும், பூஞ்சை போகாது.

மழையே இல்லாம முன்சீட் காலடி ஈரமானா, ஏசி தண்ணி வெளியேறுற குழாய் அடைச்சிருக்கலாம். மெக்கானிக்குக்குச் சின்ன வேலைதான். ஏசி நாற்றத்துக்கு ஒரு சுலபமான வழி: வீடு வர ரெண்டு நிமிஷம் முன்னாடி ஏசியை ஆஃப் பண்ணிட்டு, ஃபேனை மட்டும் ஓட விடுங்க. உள்ளே இருக்கிற ஈரம் காஞ்சுடும்.

ஆவடி மாதிரி காலி மனைக்குப் பக்கத்துல வண்டி நிறுத்துறவங்களுக்கு எலி பெரிய தலைவலி. முறுக்குத் தூளும் சிப்ஸும் அதுக்கு அழைப்பிதழ். உள்ளே வந்துட்டா ஒயரைக் கடிக்கும், பில் ஆயிரக்கணக்குல போகும். சாப்பிட்ட கவர் அன்னைக்கே வெளியே போகணும்.

மூணாவது, தூசி

மெட்ரோ வேலை நடந்த பூந்தமல்லி ரோட்டுல தினம் போனவங்களுக்குத் தூசி பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. உள்ளே வர்ற காத்தை வடிகட்டுறது கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்ல குளோவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கும். சர்வீஸ் அப்போ அதை உங்க கண்ணுல காட்டச் சொல்லுங்க. கறுத்துப் போயிருந்தா மாத்திடுங்க.

துடைக்கும்போது மேலேருந்து கீழே வாங்க: முதல்ல டாஷ்போர்டு, அப்புறம் சீட், கடைசியா தரை. இல்லேன்னா துடைச்ச தரையிலேயே திரும்பத் தூசி விழும். உலர்ந்த துணி தூசியைப் பறக்க விடும். லேசா நனைச்சுப் பிழிஞ்ச மைக்ரோஃபைபர் துணி அதைப் பிடிச்சுக்கும். பாலிஷை ஸ்டியரிங்லயும் பெடல்லயும் போடவே போடாதீங்க, வழுக்கும். டாஷ்போர்டுல ரொம்பப் போட்டாலும் வெயில்ல கண்ணாடியில பிரதிபலிச்சு ரோடு மறையும்.

எல்லாத்துக்கும் நேரம் இல்லையா? அடுத்த தடவை பெட்ரோல் பங்க்ல நிக்கும்போது, சீட்டுக்கு அடியில கைவிட்டு என்ன இருக்குன்னு மட்டும் பாருங்க. பாட்டில் கிடைச்சா வெளியே எடுங்க. இந்த வாரத்துக்கு அது போதும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!